அந்நிய மீனும் அண்ணியின் எண்ணெய்ச் சட்டியும்

என் அண்ணி நசிலேலேயைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எங்கள் ஊரில் ஆள் தேட வேண்டும். நான் சொல்ல வந்தேன் என்பதற்காக அவள் மேல் எனக்குப் பாசம் பொங்கி வழிகிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே முற்றத்தில் இருக்கிறோம், ஒரே உரலில் சோளம் இடிக்கிறோம். அவள் இடிக்கும்போது உலக்கையைவிட வாய்தான் அதிகம் ஏறி இறங்கும். அவளோடு சண்டை போடாத நாள் எனக்கு உடம்பு சரியில்லாத நாள். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், அந்த வெள்ளத்தின்போது எங்கள் ஊரில் முதுகெலும்போடு நிமிர்ந்து நின்றவள் அவள் ஒருத்திதான்.

அவள் என் அண்ணன் சிட்வாலாவுக்கு வாழ்க்கைப்பட்டது இரண்டாம் கல்யாணமாக. முதல் புருஷன் காஃபுவே ஆற்றுப் பக்கம் வலை போட்டவர். அங்கே மீன்பிடிக்காரர்களின் புல் குடிசையில்தான் அவள் இளமை போனது. அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு சட்டி, ஒரு பாய், ஒரு மீன்கூடை, இவற்றோடு எங்கள் சாம்பேசிச் சமவெளிக்குத் திரும்பி வந்தாள். அழுதுகொண்டு வந்தாள் என்று நினைக்காதீர்கள். படகுக்காரனிடம் கூலிக்குச் சண்டை போட்டுக்கொண்டே வந்து இறங்கினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் என் அண்ணன் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் மாட்டிக்கொண்டான்.

காஃபுவேயிலிருந்து அவள் ஒரு கதையையும் கொண்டு வந்திருந்தாள். அதை அவள் சொல்லாத நாளில்லை. அங்கே யாரோ ஒரு பண்ணைக்காரர் குளம் வெட்டி, தூர தேசத்து ஜிலேபிக் கெண்டையை வளர்த்தாராம். ஒரு வெள்ளத்தில் குளம் உடைந்து மீன் ஆற்றுக்குள் போய்விட்டது. முதலில் எல்லோரும் ஆடிப் பாடினார்களாம். கையளவு மீன் பிடித்தவர்களுக்கு முழங்கை அளவு மீன். பிறகு அது உள்ளூர்க் கெண்டையோடு சேர்ந்து குஞ்சு பொரித்தது. குஞ்சுகள் அப்பனும் இல்லை ஆத்தாளும் இல்லை என்று ஆயின. உடம்பில் மூன்று கறுப்புப் புள்ளி உள்ள கெண்டை குறைந்தது. பச்சைத் தலைக் கெண்டை குறைந்தது. பாசியும் புழுவும் இந்தப் புதியவன் வாய்க்கே போக, வேறு சில மீன்களும் கண்ணில் படாமல் போயின.

"வலையைத் தூக்கினா எல்லாம் ஒரே மூஞ்சி. வெயில்ல காயவச்சாலும் ஒரே மூஞ்சி. சட்டியில கொதிச்சாலும் ஒரே மூஞ்சி. பாக்கப் பாக்கப் பயமா இருக்கும்டி" என்பாள்.

"வயிறு ரொம்பினா சரி. மூஞ்சியைப் பாத்து என்ன அண்ணி பண்ணப் போறோம், கல்யாணமா கட்டப் போறோம்?" என்று நாங்கள் சிரிப்போம். அவளுக்கு மூக்கின் மேல் கோபம் வரும். எழுந்து போய்விடுவாள். மறுநாள் மறுபடி அதே கதை.

எங்கள் ஊர் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. வெள்ளம் வந்தால் சுற்றிலும் தண்ணீர், நடுவில் நாங்கள். மேட்டை ஒட்டி நமுலோ என்று ஒரு மடு. வெள்ளத்தில் அது ஆற்றோடு ஒன்றாகிவிடும். தண்ணீர் வடிந்ததும் தனித்து நிற்கும். ஆற்று மீனெல்லாம் முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பது அந்த மடுவின் நாணல் காட்டில்தான். தண்ணீர் இடுப்புக்கு இறங்கியதும் பெண்கள் வரிசையாக இறங்கி, கூடையைத் தண்ணீருக்குள் அமுக்கி மீனை மடக்குவோம். ஆண்களுக்கு அங்கே வேலை இல்லை, கரையில் உட்கார்ந்து கேலி பேசலாம். வரிசைக்கு முன்னால் போய் முதல் கூடையை அமுக்குவதற்கு ஒருத்தி உண்டு. அவள் அமுக்கும் வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. அவள் 'போதும்' என்றால் எல்லோரும் கரையேற வேண்டும், பாதிக் கூடைதான் நிறைந்திருந்தாலும்.

அந்த முதல் கூடை நசிலேலேக்கு வந்தது. ஆசைப்பட்டுக் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. என் சித்தப்பா பையன்கள் கொசுவலையைக் கட்டிக் குஞ்சு மீனை வாரிக்கொண்டிருந்தபோது, அவள் தனியாகப் போய் வலையைப் பிடுங்கி, கிழித்து, அந்தத் துணியில் எங்கள் எல்லோருக்கும் கஞ்சி வடிகட்டும் பை தைத்துக் கொடுத்தாள். சித்தப்பா அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். ஆனால் இவளை விட்டால் மடுவை யாராலும் காக்க முடியாது என்று பெண்களுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளை இல்லாதவளுக்கு அந்த முதல் கூடைதான் பெருமை. தண்ணீர் வடிகிற காலத்தில் அவள் நடையே மாறிவிடும். கூடையின் விளிம்பைப் புதுப் புல்லால் கட்டி, வீட்டு வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைப்பாள். எனக்குப் பொறாமையாக இருக்கும். இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

இப்போது முக்கும்புட்டா கதைக்கு வருகிறேன்.

முக்கும்புட்டா எங்கள் ஆள்தான். மோங்கு நகரத்தில் கடை, லாரி, ஊருக்கு வெளியே மீன்குளம் என்று வசதியாக இருப்பவர். அந்த வருஷம் தேர்தலில் நிற்க அவருக்கு ஆசை வந்தது. மேடு மேடாகப் போய் "உங்கள் மடுவில் மீன் குறைந்துவிட்டது, நான் நிரப்பித் தருகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மீன் குறைந்தது உண்மை. கொசுவலைக்காரர்கள் எங்கள் ஊரில் மட்டுமா இருந்தார்கள்? பசியும் உண்மை. அதனால் ஊரே வாயைப் பிளந்தது. வரவேற்புக் குழுவுக்குத் தலைவராக என் அண்ணனைப் போட்டார்கள். அவனுக்குக் கால் தரையில் படவில்லை.

காலைக் களியை எடுத்து வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் மோதிக்கொண்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்து புளித்த பாலைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மீன் கொண்டு வர்றாராம்?" என்றாள் அண்ணி.

"கெண்டைதான். சீக்கிரம் வளர்ற கெண்டை."

"அவர் குளத்துல இருக்கறது காஃபுவேயில பாத்த அதே சனியன். நான் மோங்கு சந்தையில பாத்தேன். அது இந்த மடுவுல விழக்கூடாது."

"ஊரே வேணும்ங்குது. நீ ஒருத்தி வேணாம்னா?"

"ஊருக்கு என்ன தெரியும்? மடுவுல விழுந்தா ஆத்துல விழுந்த மாதிரி. வெள்ளத்துல எல்லாம் ஒண்ணுதானே? மேல அங்கோலா வரைக்கும் போகும். அப்புறம் வலை போட்டு ஒவ்வொண்ணா பொறுக்கி எடுப்பியா நீ?"

"நான் வாக்குக் கொடுத்துட்டேன் நசிலேலே. என் மானம் போயிடும்."

"உன் மானம் திரும்ப வளரும். நம்ம மீன் வளராது."

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவள் கண்ணில் நீர் நின்றிருந்தது. அதுவரை அந்தக் காஃபுவேக் கதையை நாங்கள் பொழுதுபோக்காகவே கேட்டிருக்கிறோம். அவள் அங்கே ஒரு ஆற்றைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அவள் சும்மா இருக்கவில்லை. மீன்துறை அதிகாரி சியாமேக்கு ஆள் அனுப்பினாள். வெளியூர் மீனை அனுமதி இல்லாமல் எந்தத் தண்ணீரிலும் விடக்கூடாது, நான் வருகிறேன், வரும் வரை தடுத்து வையுங்கள் என்று பதில் வந்தது. வெள்ளத்தில் துடுப்புப் படகில் அவர் வந்து சேர்வதற்குள் முக்கும்புட்டாவின் இயந்திரப் படகு வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஊர்த்தலைவரிடம் போய் மண்டியிட்டுச் சொல்லிப் பார்த்தாள். "விருந்தாளி வந்த பிறகு பேசலாம் மகளே" என்றார் அவர். விருந்தாளி வந்த பிறகு பேச என்ன இருக்கிறது?

முக்கும்புட்டா வந்த நாளில்தான் என் அண்ணன் அந்தத் தப்பைச் செய்தான். எங்கள் மேட்டுக்கு இரண்டு துறை. கிழக்கே ஆண்கள் படகு கட்டும் துறை. மேற்கே பெண்கள் துறை, மீன் கழுவுவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அங்கேதான். பெண்கள் துறையில் வந்து இறங்குகிற மீன் சமையலுக்கு. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது. இறங்கிய மீனை மறுபடி தண்ணீருக்குக் கொண்டு போனால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அன்றைக்கு விருந்துக்கு வந்த படகுகளால் கிழக்குத் துறை அடைத்துக் கிடந்தது. முக்கும்புட்டாவின் பெரிய படகுக்கு இடமில்லை. என் அண்ணன் கையை வீசி வீசி அதை மேற்கே ஒதுக்கிவிட்டான். வழக்கத்தை மறந்தானா, படகைப் பார்த்த பூரிப்பில் மூளை கழன்று போனதா, தெரியாது.

நாங்கள் துறையில்தான் நின்றிருந்தோம். படகு திரும்பியதைப் பார்த்து அண்ணி என் கையைப் பிடித்தாள். பிடி வலித்தது.

"மொண்டே, அவன் இங்க அனுப்பறான்டி. உன் அண்ணன் இங்க அனுப்பறான்!"

"அதுக்கு என்ன இப்போ?"

"என்னவா? பேசாம என் பக்கத்துல மண்டி போடு."

படகு கரை தட்டியது. முக்கும்புட்டா வெள்ளைச் சட்டையில் இறங்கினார். பின்னால் காற்றடைத்த பெரிய பெரிய பிளாஸ்டிக் பைகள், உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் விரல் நீளக் குஞ்சுகள். அவற்றோடு, ஓட்டுக்காக ஊருக்குக் கொடுக்க, சமையல் எண்ணெய் டின்களும். அண்ணி மண்டியிட்டாள். எங்கள் வழக்கப்படி தலை குனிந்து, மெதுவாக, ஒரே தாளத்தில் கைதட்டினாள். ஊர்த்தலைவருக்குக்கூட அவள் இவ்வளவு அழகாகத் தட்டியதில்லை. நாங்களும் தட்டினோம்.

"ஐயா வந்தது எங்க பாக்கியம். ஐயா கொண்டு வந்த மீனை இந்த ஊர்ப் பொம்பளைங்க ரெண்டு கையாலயும் வாங்கிக்கறோம்" என்றாள்.

முக்கும்புட்டாவுக்கு முகமெல்லாம் பல். "வாங்கிக்கோங்கம்மா, உங்களுக்காகத்தான்" என்றார். சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. நகரத்திலேயே இருந்து இருந்து, எந்தத் துறையில் நிற்கிறோம் என்று அவருக்கு மறந்து போயிருந்தது.

ஆண்கள் அவரைக் கூட்ட மரத்தடிக்கு அழைத்துப் போனார்கள். முதலில் பேச்சு, பிறகு மடுவில் மீன் விடுவது என்று ஏற்பாடு. நாங்கள் பைகளையும் எண்ணெய் டின்களையும் தலையில் வைத்துக்கொண்டு நேராக எங்கள் முற்றத்துக்கு வந்தோம். அண்ணி கத்தியால் முதல் பையைக் கிழித்து, தண்ணீரை மணலில் ஊற்றி, மீனை முறத்தில் கொட்டினாள். துள்ளின. பெண்களில் சிலர் பின்வாங்கினார்கள்.

"அக்கா, இது வம்பு. விருந்தாளி பொருள்."

"எந்தத் துறையில இறங்குச்சு?"

அண்ணி கத்தியை அடுத்த பையின் மேல் வைத்தாள்.

"எந்தத் துறையில இறங்குச்சுன்னு கேட்டேன்."

"நம்ம துறையில."

"அப்போ அடுப்பை மூட்டு. மொண்டே, அந்த எண்ணெய் டின்னைத் திற."

திறந்தேன். சொன்னால் நம்புங்கள், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் திறந்ததில்லை.

மரத்தடியில் முக்கும்புட்டா பேசிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வீட்டுச் சட்டியிலும் மீன் துள்ளும் என்றார். அந்த நேரத்தில் காற்று எங்கள் பக்கமிருந்து அவர் பக்கம் வீசியது. உப்பும் மீனும் எண்ணெயும் கலந்த வாசனை. கூட்டத்தில் ஒவ்வொரு மூக்காகத் திரும்பியது. அவரும் நிறுத்தி மோந்து பார்த்தார்.

"யார் வீட்டுல விருந்து?" என்றார்.

அண்ணி முறத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். மேலே மொறுமொறுவென்று பொரித்த குஞ்சுகள், பக்கத்தில் சோளக் களி உருண்டைகள். அவர் முன்னால் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"உங்களுக்குத்தான் ஐயா. உங்க மீன், உங்க எண்ணெய். உப்பு மட்டும் எங்களோடது."

அவர் முகம் பேயறைந்தது போல ஆனது. என் அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். பிள்ளைகளுக்கு அரசியல் தெரியாது, வந்து அள்ளி அள்ளித் தின்றார்கள். அவர்களைப் பார்த்துப் பெரியவர்களும் கை நீட்டினார்கள். ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு குஞ்சுகூட உயிரோடு மிஞ்சவில்லை என்று அண்ணி ஒவ்வொரு பையாக உதறிப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

மறுநாள் சியாமே வந்து சேர்ந்தார். படகிலிருந்து இறங்கியதும் "மீன் எங்கே?" என்றார். மீந்து கிடந்த தலைகளை ஒரு தட்டில் காட்டினார்கள். அவர் தட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தடுத்து வைக்கத்தானே சொன்னேன்? சாட்சியையே தின்னுட்டு உக்காந்திருக்கீங்களே!"

"பசிச்சுது சார்" என்றாள் அண்ணி.

முக்கும்புட்டா ஊரைவிட்டுப் போகாமல் நியாயம் கேட்டு உட்கார்ந்திருந்தார். ஊர்க்கூட்டம் கூடியது. தன் மீன்குஞ்சுகளை நாசம் பண்ணிவிட்டாள், தன்னை ஊர் நடுவில் அவமானப்படுத்திவிட்டாள் என்று குரல் உயர்த்தினார். அப்போது சியாமே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, அந்த மீனை எதுக்குக் கொண்டு வந்தீங்க? மடுவுல விடவா? விடறதுக்கு அனுமதி வாங்கியிருந்தீங்களா?"

மடுவில் விடத்தான் என்று சொன்னால் சட்டம் பிடித்துக்கொள்ளும். முக்கும்புட்டா சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மடுவா? யார் சொன்னா? ஊருக்குச் சாப்பிடக் கொடுக்கத்தான் கொண்டு வந்தேன்" என்றார்.

கூட்டத்துக்கே மூச்சு வந்தது. ஊர்த்தலைவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். சண்டையை முடித்து வைப்பதில் அவரைப் போல் ஆள் கிடையாது. "அப்போ விஷயம் முடிஞ்சுது. சாப்பிடக் கொண்டு வந்த மீன், பொம்பளைங்க துறையில இறங்குச்சு, பொம்பளைங்க சமைச்சாங்க, எல்லாரும் சாப்பிட்டோம். யார் மேலயும் தப்பில்ல. மகளே, நீயும் அப்படித்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

என் அண்ணன் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான். நானும்தான். ஒரே வார்த்தை. சொன்னால் அவளும் தப்பித்தாள், அவரும் தப்பித்தார், அண்ணனும் தலை நிமிர்ந்து நடப்பான். அண்ணி மண்டியிட்டுக் கைதட்டினாள்.

"அப்படி இல்லீங்க ஐயா."

"என்னது?"

"அது மடுவுல விடக் கொண்டு வந்த மீன். ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் பொரிச்சேன். சாப்பிடக் கொண்டு வந்ததுன்னு இன்னிக்கு நான் ஒத்துக்கிட்டா, அடுத்த வெள்ளத்துக்கு இவரு மறுபடி வருவாரு. அப்போ சரியான துறையில இறங்குவாரு."

"உனக்கு என்ன பைத்தியமா?" என்று சித்தப்பா அலறினார். இத்தனை வருஷத்தில் அவளோடு அவர் பேசிய முதல் வார்த்தை. "தப்பிக்க வழி சொன்னா வேணாம்ங்கறியே!"

"தப்பிக்கறதுக்கா பொரிச்சேன்?"

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது, ஆனால் மீன் விஷயத்தில் இல்லை.

"அப்போ, துறையில மண்டி போட்டுக் கைதட்டி இவரை வரவேற்கும்போது, உன் மனசுல வேற இருந்துச்சு."

"இருந்துச்சு ஐயா."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எங்களுக்கு வேறு எதையும் மன்னிக்கத் தெரியும். கைதட்டி வணங்குவதில் பொய் கூடாது. அது போனால் எங்களிடம் என்ன மிச்சம்? பெரியவர்கள் தலைகளைச் சேர்த்துப் பேசிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள். மடுவில் எந்த அந்நிய மீனும் விழக்கூடாது, முக்கும்புட்டாவின் படகு இனி எங்கள் இரண்டு துறையிலும் ஒதுங்கக் கூடாது. அவர் மேல் எடுக்க வேண்டிய நடவடிக்கையைச் சியாமே பார்த்துக்கொள்வார். பொய்யாகக் கைதட்டியதற்காக, இந்த முறை தண்ணீர் வடியும்போது நசிலேலே மடுவில் இறங்கக் கூடாது. முதல் கூடை வேறொருத்திக்கு.

அவள் முகத்தில் ரத்தம் வற்றிப் போனதைப் பார்த்தேன். அபராதம் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பாள். என் அண்ணன், அதுவரை தலை குனிந்திருந்தவன், எழுந்து போய் அவள் பக்கத்தில் மண்டியிட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மரத்தடியில் இருந்த அத்தனை ஆம்பிளைகளையும் திட்ட வேண்டும் போல இருந்தது, தலைவரையும் சேர்த்து.

"வருத்தப்படறியா மகளே?" என்றார் தலைவர். குரல் இளகியிருந்தது. வருத்தம் என்று சொன்னால் தண்டனையைக் குறைத்துவிடுவார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

"கூடைக்கு வருத்தம்தான் ஐயா. வீட்டுக்குப் போய் அழுவேன். கைதட்டினதும் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா பொரிச்சதுக்கு வருத்தமில்ல. யாராவது மறுபடி கொண்டு வந்தா மறுபடி பொரிப்பேன்."

"மறுபடியும் மண்டி போட்டு வரவேற்பியா?"

"மாட்டேன் ஐயா" என்றாள் அண்ணி. "இனிமே கைதட்டாமலே பொரிப்பேன்."

தீர்ப்புக்கு மரியாதையாக மூன்று முறை கைதட்டிவிட்டு அவள் எழுந்தாள். முழங்காலில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டிவிடாமல் கூட்டத்தின் நடுவே நடந்து போனாள். பெண்கள் நாங்கள் எல்லோரும் எழுந்து அவள் பின்னால் போனோம்.